முட்டியில் பச்சை

நாளைக்கு வெள்ளை யூனிஃபார்ம். பையன் பேன்ட் முட்டில திட்டுத் திட்டா புல் கறை.
வெள்ளை யூனிஃபார்மைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் துணி துவைச்சிருக்கவே மாட்டார்.

வெறும் தண்ணில தேய்ச்சா கைதான் வலிக்கும். பச்சையம் தண்ணில கரையாது, ஆல்கஹால்ல கரையும்.
ஸ்கூல்ல இலையை ஆல்கஹால்ல போட்டு வெளுக்க வெப்பாங்களே, அதே கதை.

கொரோனா காலத்து சானிடைசர் அலமாரில தூங்கிட்டு இருந்துச்சு.
ஊத்தி, கொஞ்சம் ஊறவிட்டு, பழைய துணியால ஒத்தினேன். பச்சை துணிக்கு வந்துடுச்சு!
அப்புறம் என்ஸைம் பவுடர், பச்சைத் தண்ணி. வெந்நீர் மட்டும் கூடாது, கறை கெட்டியா உக்காந்துடும்.

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி மார்க்கை மட்டும் கேட்காதீங்க. இன்னிக்கு வீட்ல நான்தான் விஞ்ஞானி.

"கோல் கீப்பர்னா விழுந்துதான்மா ஆகணும்"ங்கறான்.
சரிடா.
உங்க ஸ்கூல்லதான் முழுக்க சிமெண்ட் தரையாச்சே, புல் எங்கேர்ந்து வந்துச்சு?