சர்க்கரைமேல் போட்ட பழி

சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்துப்போனால் பழி சர்க்கரைமேல்தான் விழும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளங்காலில் எந்நேரமும் குறுகுறுப்பு. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துபோவேன். கண்ணை மூடி முகம் கழுவினால் தள்ளாடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது.

நரம்பு மருத்துவர் இசைக்கவையைத் தட்டி, அது அதிர அதிர என் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

“அதிர்வு தெரியுதா சார்?”

“ஜில்லுன்னு இருக்கு டாக்டர். அவ்வளவுதான்.”

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். “அசைவம் உண்டா? மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா?” என்றார். பரம்பரைச் சைவம், சர்க்கரைக்கான அந்த மாத்திரையோ பல வருஷப் பழக்கம். ரத்தத்தில் பி12 பார்த்தோம். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். எனக்கு அதில் பாதியைத் தாண்டவே திணறியது.

அதுவரை வைட்டமின் என்றால் தெம்புக்குச் சாப்பிடுவது என்றே நினைத்திருந்தேன். வைட்டமினில் தெம்பு எதுவும் இல்லை. உணவைத் தெம்பாக மாற்றுகிறவை என்சைம்கள், அதாவது நொதிகள். அவற்றில் பல தனியாக நின்றால் வேலை நடக்காது. ஒரு சிறு மூலக்கூறு கூட வந்து உட்கார வேண்டும். அதுதான் துணைநொதி. பி வைட்டமின்கள் பெரும்பாலும் துணைநொதிகளாக மாறியே உடம்புக்கு உதவுகின்றன. ஒரு தடவை வேலை செய்ததோடு துணைநொதி தீர்ந்துபோவதில்லை, திரும்பத் திரும்பப் பயன்படும். பி12 ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை மைக்ரோகிராம் போதும் என்பது அதனால்தான்.

நம் உடம்பில் பி12-ஐ நம்பியிருக்கும் என்சைம்கள் இரண்டே இரண்டு. ஒன்று, ஃபோலேட்டிடமிருந்து மெத்தில் தொகுதியை வாங்கி ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக்குகிறது. இது படுத்துவிட்டால் ஃபோலேட் பயன்படாத வடிவில் முடங்கும், டி.என்.ஏ. தயாரிப்பு தடுமாறும், ரத்தசோகை வரும். மற்றது, சில கொழுப்பு அமிலங்களும் அமினோ அமிலங்களும் சிதைந்து வரும் பாதையில் இருக்கிறது. பி12 இல்லாமல்போனால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையும் கெடுகிறது.

இதில் ஒரு சூது உண்டு. முன்பே சோகைக்கென்று இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் சாப்பிட்டிருந்தேன். ஹீமோகுளோபின் ஏறியது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் ஃபோலிக் அமிலம் ரத்தத்தைத்தான் சரிக்கட்டும். பி12 இல்லாத நரம்பு அந்தப் பக்கம் கெட்டுக்கொண்டே இருக்கும்.

பி12-ஐச் செடிகொடிகள் தயாரிப்பதில்லை, நுண்ணுயிரிகள்தான் தயாரிக்கின்றன. சைவனான எனக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மினோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருப்பதால் கரைவதும் தெரியாது.

ஊசி போட்டார்கள். மருந்து நல்ல சிவப்பு. மூலக்கூறின் நடுவே கோபால்ட் அணு. சில மாதங்களில் தள்ளாட்டம் நின்றது, குறுகுறுப்பு தணிந்தது. கட்டைவிரல் மரப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. நாள்பட்ட நரம்புச் சேதம் எல்லாமே திரும்பிவிடாது.

எல்லாரும் சத்து மாத்திரை விழுங்குங்கள் என்று சொல்லவில்லை. என்சைமுக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டால், மேலே எவ்வளவு கொட்டினாலும் வேலை வேகமாகாது. நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அதிலும் சைவர்கள், சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி தாமதமாகத்தான் கிடைத்தது.