இறுதியில் வருபவரும் கணக்கில் உண்டு

ஓட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இடம் மிகுதி. நீரோட்டம், குருதியோட்டம், எண்ணவோட்டம், தேரோட்டம் என இயங்குவன பலவற்றையும் அச்சொல்லால் வழங்குகிறோம். ஆயினும் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் அவசரம் ஏதுமின்றி வீதியில் ஓடினால் நம் ஊரார் நின்று பார்ப்பர். ஓடுதல் சிறுவர்க்கும் திருடர்க்கும் அவர்களைத் துரத்துவோர்க்கும் உரியது என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது.

நான் ஓடத் தொடங்கியது நாற்பத்தோராம் வயதில். என் அத்தா சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, வாழ்வின் கடைசி நான்கு ஆண்டுகளைக் கட்டிலிலேயே கழித்தவர். எனக்கும் அந்நோய் வாயிற்படியில் நிற்கிறது என்று மருத்துவர் கூறியபோது, அத்தாவின் கட்டில்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அன்று முதல் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் கறம்பக்குடியின் எல்லையைத் தாண்டி, முந்திரித் தோப்புகளின் ஊடே செல்லும் செம்மண் தடத்தில் ஓடலானேன்.

பள்ளிவாசல் வாயிலில் ஒரு பெரியவர், "என்ன தம்பி, கல்லூரியில் நாள் முழுதும் நிற்பது போதாதா? இந்த வயதில் ஓட்டம் வேறா?" என்று கேட்டார். நான் மறுமொழி கூறுமுன், ஹஜ் சென்று வந்த மற்றொரு பெரியவர், "ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே நாமும் வேகநடை போட்டுத்தானே வந்தோம்! அன்னை ஹாஜரா பிள்ளையின் தாகம் தீர்க்க இரண்டு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை ஓடியதன் நினைவல்லவா அது? தம்பி ஓடட்டும்" என்றார். அதன் பின் என்னை எவரும் வினவவில்லை.

நாளடைவில் ஆசிரியர், வணிகர், வங்கி ஊழியர் எனப் பலர் சேர்ந்த ஓர் ஓட்டக் குழுவில் இணைந்தேன். அக்குழுவினர் ஓராண்டு கொல்லிமலைக்குச் சென்று காட்டுத்தடத்தில் ஓடத் தீர்மானித்தனர். எங்கள் பகுதியோ சமவெளி. ஏற்றம் என்று சொல்ல எங்களுக்கு வாய்த்தது குளத்துக்கரை ஒன்றே. அக்கரையில் நாளொன்றுக்கு இருபது முறை ஏறி இறங்கிப் பழகினேன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை வல்வில் ஓரி ஆண்ட மலை. அம்மலையையும் அவ்வள்ளலையும் வகுப்பறையில் பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். குறிஞ்சியின் கருப்பொருள்களை ஒரு மூச்சில் ஒப்பிக்கவும் என்னால் இயலும். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து மேலே சென்று, மறுநாள் விடியலில் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கிடையே ஈரமண்ணில் காலூன்றி நின்றபோதுதான், குறிஞ்சி ஒரு பாடப்பகுதி மட்டுமன்று, மூச்சை வாங்கும் ஒரு நிலம் என்பது விளங்கிற்று.

எங்கள் வழி 15 கிலோமீட்டர் தொலைவும், மொத்தம் 600 மீட்டர் ஏற்றமும் உடையது. மலைவழிப் பயணத்திற்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார். அதன்படி நடப்போர்க்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் வழி நடப்பவருக்கு நான்கு மணி நேரத்து வழி. செங்குத்தான ஏற்றத்தில் பழகிய ஓட்டக்காரரும் முழங்கால்மேல் கைகளை ஊன்றி நடந்தே செல்கின்றனர். அங்கு நடப்பது இழுக்கன்று, அறிவுடைமை.

ஏற்றம் கடினம், இறக்கம் எளிது என்று எண்ணியிருந்தேன். மலை வேறு பாடம் சொல்லிற்று. ஏற்றத்தில் வருந்துவது நெஞ்சு. இறக்கத்தில் வருந்துவது தொடை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டவாறே உடலின் எடையைத் தாங்கித் தடுக்க வேண்டியிருத்தலின், அத்தசையின் நுண்ணிழைகள் சிதைகின்றன. அதன் வலி அன்று தெரிவதில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்குகையில் தெரிகிறது.

இவையெல்லாம் உடல் கற்ற பாடங்கள். உள்ளம் கற்ற பாடம் ஓட்டம் முடிந்த பின் கிடைத்தது. வழியில் இரண்டு இடங்களில் எங்கள் எண்களைக் குறித்துக்கொண்டனர். எல்லார்க்கும் பின்னே இரண்டு இளைஞர், ஓடுவதற்கன்றி, எவரும் பின்தங்கி விடாமல் பார்ப்பதற்கென்றே வந்தனர். நாங்கள் வந்து சேர்ந்து அரைமணி நேரம் கழிந்தும் ஓர் எண் மட்டும் கணக்கில் குறைந்தது. உடனே பரிசளிப்பை நிறுத்தினர். நால்வர் மீண்டும் மலைத்தடத்தில் ஏறினர். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் கணுக்கால் பிசகி, தடத்தை விட்டு விலகி, மலைவாழ் குடும்பம் ஒன்றின் திண்ணையில் அவர்கள் தந்த சாமைக் கஞ்சியைப் பருகிக்கொண்டிருந்தாராம். அவரைத் தாங்கி அழைத்து வந்த பின்னரே முதற்பரிசு பெற்றவரின் பெயர் வாசிக்கப்பட்டது. முதல்வர் இறுதியானவருக்காகக் காத்திருந்த அந்தக் காட்சி என் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

இது அக்குழுவினரின் நற்குணம் மட்டுமன்று, மலையோட்டத்தின் அடிப்படை விதியும் ஆகும் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தில் குன்றோட்டம் ஒரு மரபு. கெஸ்விக் என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரஹாம் 1932இல் 42 சிகரங்களை 24 மணி நேரத்திற்குள் சுற்றி வந்தார். அதே மாவட்டத்தில் ஆடு மேய்த்து வாழ்ந்த ஜாஸ் நெய்லர் 1975இல் 72 சிகரங்களை 24 மணி நேரத்திற்குள் கடந்தார். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர் 2024இல் தம் 88ஆம் வயதில் மறைந்தார். இத்தகைய வீரர்களைத் தந்த அந்நாட்டுக் குன்றோட்டங்களில், தொடங்கியோரையும் திரும்பியோரையும் எண்ணி ஒப்பிடுதல் கட்டாயம். இடையில் விலகுபவரும் முடிவிடத்திற்கு வந்து தாம் விலகியதைத் தெரிவித்தல் வேண்டும்.

இவ்விதி ஏன் என்று கேட்பார்க்குச் சீனம் விடை கூறும். 2021 மே 22 அன்று கான்சு மாநிலத்தில் 172 பேர் 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் இறங்கினர். உயரமான பகுதியில் திடீரெனக் கடுங்குளிரும் ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் தாக்கின. மெல்லிய உடையில் இருந்தவர்கள் உடல் வெப்பம் இழந்தனர். 21 பேர் மாண்டனர். மாண்டோருள் தேர்ந்த வீரரும் இருந்தனர். ஆறு பேரைத் தம் குகைக்கு அழைத்துச் சென்று தீமூட்டிக் காத்தவர் அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். விரைவு கைவிட்ட இடத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தமையே காத்தது.

நம் மாவட்டத்தின் பக்கம் பார்வையைத் திருப்புவோம். விடியற்காலையில் இங்கு ஓடுவோருள் என்னைப் போன்றோர் சிலரே. காவலர் தேர்வுக்கும் படைத்துறைத் தேர்வுக்கும் ஓடும் சிற்றூர் இளைஞரே பலர். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடந்தால் காவலர் தேர்வில் அடுத்த படி. ஒரு விநாடி பிந்தினால் வீட்டிற்குத் திரும்பும் வழி. தேர்வென்றால் அவ்வாறுதான் இருத்தல் இயலும். ஆனால் திரும்பிச் செல்பவனை எண்ணுவார் யார்?

எண்ணாமல் விடுவதன் கொடுமையை நம் மாவட்டம் அறியும். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர்ப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் மீண்டும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்க நேர்ந்தது. 2016இல் தமிழக அரசு அவரை நிரந்தரத் தடகளப் பயிற்றுநராக அமர்த்தியது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கொல்லிமலையிலிருந்து திரும்பிய பின் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், அவ்வகுப்பு முதலாமாண்டில் சேர்ந்த நாளின் வருகைப் பதிவேட்டை எடுத்து, இன்றைய பதிவேட்டுடன் பெயர் பெயராக ஒப்பிடுகிறேன். முதல் முறை பார்த்தபோது இரண்டு பெயர்கள் குறைந்தன. ஒருவன் அக்னியாற்றுக் கரைச் சிற்றூரைச் சேர்ந்தவன். குடும்பக் கடனுக்காகத் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். அவன் தாயார், "ஐயா, அவனைத் தேடி ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நெனச்சோம்" என்றார். துறை ஆசிரியர் ஐவர் சேர்ந்து கட்டணத்தை ஏற்றோம். அவன் வந்தான், பட்டம் பெற்றான். மற்றொரு பெயர் ஒரு மாணவிக்குரியது. திருமணமாகி வெளியூர் சென்றுவிட்டார். எங்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆயினும் அப்பெயரை நான் அடித்துவிடவில்லை. தொலைநிலைக் கல்வி விண்ணப்பம் ஒன்று அவருடைய பெற்றோரிடம் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! முதலில் ஓடுபவர் ஆகுங்கள். அதற்குரிய கால்வலிமையும் நெஞ்சுரமும் உங்களுக்கு உண்டு. ஆனால் முடிவுக் கோட்டைத் தொட்டவுடன் நிழல் தேடி அமர்ந்துவிடாதீர்கள். உங்களுடன் புறப்பட்டவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண் குறைந்தால் மீண்டும் தடத்தில் ஏறத் தயங்காதீர்கள். சமுதாயப் பெரியோர்களே! நல்ல மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கும் மேடைகள் நம்மிடையே பல உள்ளன. பாதியில் நின்றுபோனோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் அம்மேடையில் இருக்கட்டும். அப்பட்டியலைக் கையில் எடுத்துச் சிற்றூர்களுக்குச் செல்ல எங்கள் துறை ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.