மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியும் ப்ளக் குழியில் நிற்கும் எண்ணெயும்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீச ஆரம்பித்துவிட்டால் தென்காசி வட்டாரமே குளிர்ந்துவிடும். மெல்லிய சாரல்... மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே பார்த்தாலும் கூட்டம். ஆகஸ்ட் வரை நீளும் இந்த சீசனை நம்பித்தான் இங்கே பலருடைய வருஷ வருமானமே இருக்கிறது. கடை போடுகிறவர், விடுதி நடத்துகிறவர், வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர் எல்லோரும் இதில் அடக்கம். அதே சீசனில்தான் மெக்கானிக் கடை வாசலில் ஒரு பழைய புகாரும் வந்து நிற்கும்: "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது!"

இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு ரப்பர் சீல் மாற்றும் சின்னச் செலவும் இருக்கலாம். இன்ஜினையே இறக்கிப் பிரிக்கும் பெரிய செலவும் இருக்கலாம். ப்ளக்கில் எண்ணெய் தெரிகிற வண்டியில், இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி முடிவு செய்துவிடும். எண்ணெய் எங்கே இருக்கிறது?

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆகவே இந்தக் கட்டுரை பெட்ரோல், கேஸ் வண்டிகளைப் பற்றியது மட்டுமே.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் யோசனை புதிதல்ல. 1860-லேயே லெனுவார் என்பவர் தன் கேஸ் இன்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902-ல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ப்ளக்கையும் உருவாக்கினார். கார்கள் வேகமெடுத்தது அதன் பிறகுதான்.

இன்றைய நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு ப்ளக்கும் பொறி தரவேண்டும். அதாவது ஒரு ப்ளக்குக்கு விநாடிக்கு 25 பொறி! நான்கும் சேர்ந்தால் 100. இதில் ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் போவதுதான் மிஸ்ஸிங். மீதி மூன்றும் சேர்ந்து அந்த ஒன்றையும் இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். வண்டி குலுங்கும், பிக்கப் இருக்காது, சைலன்சர் சத்தம் தாளம் தப்பிக் கேட்கும்.

பஜாரில் நன்றாக ஓடிய வண்டி மலையில் திணறுவது ஏன்?

தென்காசி தெருக்களில் வழுக்கிக்கொண்டு ஓடும் கார், செங்கோட்டை தாண்டி, புளியரையில் ஆரியங்காவு ஏற்றம் தொடங்கியதும் குலுங்க ஆரம்பிக்கும். 'மலை ஏறினால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்' என்று பலரும் விட்டுவிடுவார்கள். அது தவறு.

ப்ளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அழுத்தப்பட்ட கலவைக்குள் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க 10,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் போகும் காற்று கூடும், அழுத்தம் கூடும், பொறி குதிக்கத் தேவைப்படும் வோல்டேஜும் கூடும். அந்த நேரத்தில் வெளியே சுலபமான வேறு வழி ஒன்று கிடைத்தால் மின்சாரம் அதில்தான் போகும். வெடித்த பிளக் வயர், ஈரம் பிடித்த ரப்பர், அழுக்குப் படிந்த பீங்கான், இவை எல்லாம் அப்படிப்பட்ட வழிகள்தான். ஐடிலிங்கில் ஒளிந்திருந்த குறை ஏற்றத்தில் வெளியே வருவது இதனால்தான். சாரல் காலத்தில் புகார் கூடுவதற்கும் இதுவே காரணம். கேஸில் ஓடும் வண்டிக்கு இன்னும் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால் அது முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

குழிக்குள் எண்ணெய்

பழைய அம்பாசடரில் ப்ளக்குகள் ஹெட்டின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கும். டேப்பட் கவரில் எண்ணெய் கசிந்தாலும் வெளியே வழிந்து தெரிந்துவிடும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. இன்றைய கார்கள் பலவற்றில் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். நடுவில் ஆழமான குழி. அந்தக் குழியின் அடியில் ப்ளக். மேலே காயில் மூடிக்கொண்டிருக்கும். டேப்பட் கவருக்கு அடியில் தெறிக்கும் எண்ணெய் இந்தக் குழிக்குள் வராமல் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அந்த ரப்பர் கல் மாதிரி இறுகிவிடும். பிறகு எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். ப்ளக்குக்கு எண்ணெய்க் குளியல்தான்!

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாதே? உண்மைதான், சுத்தமான எண்ணெய் கடத்தாது. ஆனால் கரியும் தூசியும் கலந்த பழைய எண்ணெய் பீங்கான் மேல் படிந்துவிடும். காயிலின் ரப்பர் குழாய் எண்ணெயில் ஊறி உப்பி, பிடிப்பு விட்டுவிடும். அந்த வழியாகப் பொறி ஒரு முறை ஓடிவிட்டால் பீங்கான் மேல் பென்சில் கோடு போல ஒரு கருப்புத் தடம் விழும். அதற்குப் பிறகு மின்சாரத்துக்கு அதுதான் ராஜபாட்டை.

மேலேயா, உள்ளேயா?

சீசனுக்கு வாடகை ஓட்டும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெட்ரோல் கார். ஒரு கடையில் ப்ளக்கைக் கழற்றி எண்ணெயைப் பார்த்ததுமே, "ரிங் போயிட்டு அண்ணாச்சி, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். இன்ஜினை இறக்கினால் வண்டி நாள் கணக்கில் கடையில் நிற்கும். சீசன் அதற்காகக் காத்திருக்காது. மனசு கேட்காமல் இன்னொரு கடைக்குப் போகிறார்.

"தம்பி, கீழ நல்லாத்தான் ஓடுது. ஏத்தத்துலதான் இழுக்க மாட்டேங்குது."

"எண்ணெய் எங்க நிக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

இரண்டாவது பதில்தான் சரியான பதில். எண்ணெய் ப்ளக்கின் மேல்பாகத்தில், பீங்கானிலும் மரையிலும் மட்டும் இருந்து, முனை காய்ந்து இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் எரியவில்லை என்று அர்த்தம். குற்றவாளி மேலே இருக்கும் சீல்தான். முனையே கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் எண்ணெய் உள்ளேயிருந்து வருகிறது. ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்படலாம். காய்ந்த கரி மட்டும் இருந்தால் அது எண்ணெயே அல்ல, பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது பொறி பலவீனமாக இருக்கிறது. முனை வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

உள்ளேயிருந்து வந்தாலும் ரிங்கா, வால்வு சீலா என்று பிரிக்க வழி உண்டு. ஆரியங்காவிலிருந்து புளியரைக்குக் கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு சீல் பக்கம் சந்தேகம் போகும். ஏற்றம் முழுக்க விடாமல் நீலப் புகை வந்தால் ரிங். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கும்போது குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங்.

எந்த சிலிண்டர்?

ஸ்கேனர் மாட்டினால் பி0301, பி0302 என்று கோடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றல்ல, மாறி மாறி மிஸ் ஆகிறது. ஆனால் ஸ்கேனர் இடத்தைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது. இரண்டாவது சிலிண்டர் என்று காட்டினால் அதன் காயிலை மூன்றாவதில் மாட்டிப் பார்க்கவேண்டும். கோடும் கூடவே மூன்றுக்கு நகர்ந்தால் காயில் போய்விட்டது. நகராவிட்டால் ப்ளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்த கட்டம். பொருள் எதுவும் வாங்காமலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும்.

பழைய வண்டிகளில் செய்வது போல, இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கவே கூடாது. ஷாக் அடிப்பது ஒரு பக்கம், காயிலும் கம்ப்யூட்டரும் கெட்டுப்போவது இன்னொரு பக்கம்.

சரி செய்யும்போது

இன்ஜின் ஆறிய பிறகுதான் ப்ளக்கில் ஸ்பேனர் வைக்கவேண்டும். சூட்டில் திருப்பினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். குழியில் நிற்கும் எண்ணெயைத் துணியாலோ சிரிஞ்சாலோ எடுத்த பிறகே ப்ளக்கைக் கழற்றவேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு முழுக்க சிலிண்டருக்குள் இறங்கும். டேப்பட் கவர் பேக்கிங், ப்ளக் குழி சீல், ஊறிப்போன காயில் ரப்பர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது. சில இன்ஜின்களில் சீல் கவரோடு சேர்ந்தே வரும், அப்போது கவரையே மாற்றவேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும். இவ்வளவும் செய்து சில மாதத்தில் மறுபடி கசிந்தால் பிசிவி வால்வைப் பார்க்கவேண்டும். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து புது சீலையும் தள்ளிவிடும்.

"சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு எரிந்தால் அதற்கான எச்சரிக்கைதான் அது. மலை ஏறாமல் வண்டியை ஓரம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

வண்டிக்காரர் மெக்கானிக் ஆகவேண்டியதில்லை. கழற்றிய நாலு ப்ளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் வைத்துக் காட்டச் சொன்னால் போதும். மேலே எண்ணெயா, முனையில் எண்ணெயா என்பது யார் கண்ணுக்கும் தெரியும். அதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்கவும் வேண்டாம். சீலை மாற்றாமல் புது ப்ளக்கை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பவும் வேண்டாம். அந்தப் புது ப்ளக்கும் அடுத்த சாரலுக்குள் எண்ணெயில் குளித்துவிடும்.