புது டிஸ்க் போட்ட பிறகு

அன்புள்ள தேன்மொழிக்கு,

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று நீ அனுப்பிய ஸ்கிரீன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். கடைக்காரர் சொல்கிறார் என்று விண்டோஸை மறுபடியும் ஏற்ற வேண்டாம் கண்ணு, ஒரு நாள் பாழாகும், அவ்வளவுதான். லேப்டாப்பில் எதுவும் கெட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. புதிதாக வாங்கி மாட்டினாயே, அந்த 2 டிபி டிஸ்கின் சுபாவம்தான் இது.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்பதைப் பார்த்து, பாவம் கடுமையாக உழைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த 100 உழைப்பின் கணக்கு இல்லை. முடியாத வேலை ஒன்றாவது எந்நேரமும் கையில் இருந்தது என்பதுதான் அதன் பொருள். அதே படத்தில் கீழே பார்: எழுதும் வேகம் நொடிக்கு 2 எம்பிகூட இல்லை. சராசரி பதில் நேரம் 3,000 மில்லி நொடியைத் தாண்டியிருக்கிறது. ஒழுங்காக ஓடும் டிஸ்க் இருபது முப்பது மில்லி நொடிக்குள் பதில் சொல்லிவிடும். பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எல்லாரும் டிஸ்குக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளை. டிஸ்கை மாற்றும்போது அந்த மெல்லிய பட்டை கேபிள் லேசாக மடங்கினாலோ, முழுசாக உள்ளே போகாமல் நின்றாலோ, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். ஆனால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ படத்தில் சி7 என்ற வரிசை பூஜ்யம். அங்கேதான் கேபிள் கோளாறு எண்ணிக்கையாக ஏறும். 05, சி5 இரண்டும் பூஜ்யம், அதனால் தட்டிலும் காயம் இல்லை. பழைய டிஸ்கை இதில் குளோன் செய்ததில் பார்ட்டிஷன் கோணலாக விழுந்திருக்குமோ என்றும் யோசித்தேன். எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன்கள் 63-வது செக்டாரில் தொடங்கும், 4,096 பைட் செக்டார் உள்ள இன்றைய டிஸ்குக்கு அது பொருந்தாது. உன்னுடையது விண்டோஸ் 7-இல் பிறந்த லேப்டாப், 1 எம்பியில் தொடங்குகிறது, ஆகவே அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது டிஸ்க்தான். அதன் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன், நினைத்தபடியே எஸ்எம்ஆர் வகை. பழைய 500 ஜிபி டிஸ்கில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கும். இதில் நம் அம்மாச்சி வீட்டு நாட்டு ஓடு மாதிரி ஒன்றின் ஓரத்தை மற்றது மூடிக்கொண்டு படுத்திருக்கும். படிக்கும் தலைக்கு மெலிந்த தடமே போதும், எழுதும் தலைக்குத்தான் அகலம் வேண்டும், அதனால் இப்படி நெருக்கி அதே தட்டில் கூடுதலாக அடைக்கிறார்கள். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் படிந்தவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் இல்லையா? இங்கேயும் ஒரு சின்ன மாற்றத்துக்குப் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுதியாக வேண்டும்.

அதை மறைக்க டிஸ்குக்குள்ளேயே ஒரு சிறு பகுதியைப் பழைய முறையில் வைத்திருப்பார்கள். எழுத வருவது முதலில் அங்கே விழும், ஓய்வு கிடைக்கும்போது டிஸ்க் தானாக எடுத்து ஓட்டு வரிசைக்குள் அடுக்கும். கேமரா கார்டிலிருந்து கல்யாணப் படங்களை ஏற்றும்போது ஆரம்பத்தில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது என்றாயே, காரணம் இதுதான். அந்த இடம் நிறைந்துவிட்டது. நிறைந்த பிறகு நீ ஒரு வேர்டு ஃபைலைத் திறந்தாலும் அது வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

உனக்கு 4 ஜிபி ரேம் வேறு. போட்டோஷாப்பைத் திறந்ததும் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்கையே ரேமாக நினைத்து எழுதத் தொடங்கும். அப்டேட், சர்ச் இண்டெக்ஸ், டிஃபெண்டர் என்று அதன் சொந்த எழுத்து வேலையும் ஓயாது. எஸ்எம்ஆர் டிஸ்கில் விண்டோஸைக் குடிவைப்பது சரியில்லை என்பது என் கட்சி. போதாததற்கு உன் பழையது நிமிடத்துக்கு 7,200 சுற்று, இது 5,400. பெட்டியின் மேல் கொள்ளளவைப் பெரிய எழுத்தில் போடுகிறார்களே தவிர, எஸ்எம்ஆர் என்று போடுவது அபூர்வம். 2020-இல் இப்படிச் சொல்லாமல் விற்றது வெளியே வந்து அமெரிக்காவில் வழக்குவரை போனது. கடைக்காரரைத் திட்டாதே, அவருக்கும் தெரிந்திருக்காது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: படம் ஏற்றிய இரவில் லேப்டாப்பை மூடாமல், ஸ்லீப் போகாதபடி வைத்து, சார்ஜரோடு விட்டுவிடு. டிஸ்க் தன் வேலையை முடித்துக்கொள்ளும், காலையில் வித்தியாசம் தெரியும். ஆனால் அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி இதே கதைதான்.

நிரந்தர வழி, 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி டிஸ்க் இருந்த இடத்தில் மாட்டி, விண்டோஸை அதற்கு மாற்றுவது. சுழலும் டிஸ்க் அங்கங்கே சிதறிக் கிடப்பதை நொடிக்கு நூறு தடவை எடுத்தாலே அதிகம், எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் எடுக்கும். கூடவே ரேமை 8 ஜிபி ஆக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டியை வாங்கு. 2 டிபி டிஸ்கைத் தூக்கிப் போடாதே. யுஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு, முடித்த கல்யாணப் படங்களை அதில் சேர்த்து வை. ஒரு தடவை எழுதி, வேண்டும்போது படிப்பதற்கு அந்த வகை நன்றாகவே உதவும்.

எஸ்எஸ்டி வாங்கும்முன் மாடல் பெயரை எனக்கு அனுப்பு. ரொம்ப மலிவானவற்றில் சிலதும் பெரிய காப்பி என்றால் பாதியில் மூச்சு வாங்கும். பழைய 500 ஜிபி டிஸ்கை அதுவரை அழிக்காதே, உன் படங்களின் இன்னொரு நகல் அது ஒன்றுதான். அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
மாமா