மாசத்துல ஒரு வாரம் மூட் அவுட்!

எங்க ஊர் வேப்பூர். சென்னை - திருச்சி ஹைவேஸ்ல போறவங்க பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. காலையில பஸ் பிடிச்சு விருத்தாசலம் காலேஜுக்கு ஓடுற கும்பல்ல நானும் ஒருத்தி. அங்க எனக்கு ஒரு பட்டப்பேர் உண்டு... 'சூளை'! செராமிக் ஊருக்குப் படிக்கப் போறவளுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க? திடீர்னு கொதிப்பேனாம், ரெண்டு நாள்ல ஆறிடுவேனாம்.

கிண்டல்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா செகண்ட் இயர்ல, 'படிப்பே வேணாம், நின்னுடறேன்'னு நான் அழுதது கிண்டல் இல்லை. ஒரு தடவை இல்ல, மூணு தடவை! மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பிக்கும், ராத்திரி தூக்கம் வராது. யாராவது 'சாப்டியா?'ன்னு கேட்டாக்கூட கண்ணுல தண்ணி. பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள், எல்லாம் காணாமப் போயிடும். படிப்பை விடறேன்னு சொன்னது நானான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கும்.

முடிச்சை அவிழ்த்தது வீட்டு மாசக் காலண்டர்தான். பால் வராத நாள், கேஸ் சிலிண்டர் மாத்தின தேதி எல்லாம் அம்மா அதுலதான் குறிப்பாங்க. 'உன் அழுகையையும் எழுதி வை'ன்னு விளையாட்டாச் சொன்னாங்க. ரெண்டு மாசம் புள்ளி வெச்சேன். அத்தனை புள்ளியும் பீரியட்ஸுக்கு முந்தின ஏழெட்டு நாள்லயே கூட்டமா நின்னுச்சு!

அந்தக் காலண்டர் தாளை எடுத்துட்டுப் போய்க் காட்டினப்போ, டாக்டரம்மா சொன்னது: 'இதை ரத்த டெஸ்ட்ல கண்டுபிடிக்க முடியாதும்மா. இந்தப் புள்ளிங்கதான் டெஸ்ட்!'

பி.எம்.எஸ்., அதாவது மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைகள். நியூயார்க் டாக்டர் ராபர்ட் ஃப்ராங்க் 1931லயே இதைப் பத்தி எழுதியிருக்கார். கருமுட்டை வெளியான பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ரெண்டும் ஏறி, பீரியட்ஸ் நெருங்கும்போது சரசரன்னு இறங்கும். எல்லாப் பொண்ணுங்களுக்கும் இப்படித்தான். சிலரோட மூளை மட்டும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ரொம்ப ஆடிப்போகுது. மனசை நிதானமா வெச்சிருக்கிற செரடோனினுக்கும் இதுல பங்கு இருக்கு. ஆக, 'கொழுப்பு', 'திமிர்'னு சொன்னவங்க எல்லாம் வாபஸ் வாங்கிக்கங்க!

அந்த வாரம் வந்தா ஊறுகாய், அப்பளத்துக்கு லீவு. டீ ஒண்ணோட சரி. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வீட்டுக்கு வேகமா நடை. காலையில கேழ்வரகுக் கூழ். கால்சியம் இந்தத் தொல்லைகளைக் குறைக்குதுன்னு 1998ல அமெரிக்காவுல வந்த ஆராய்ச்சி சொல்லுது, கேழ்வரகுல அது தாராளம். (மாத்திரையா வேணும்னா டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.) எல்லாத்தையும் விட எனக்குக் கைகொடுத்தது வேற ஒண்ணு. காலேஜை விடறது, ஃப்ரெண்ட்ஷிப்பை வெட்டறது மாதிரியான தீர்ப்புக்கெல்லாம் பீரியட்ஸ் வந்து அஞ்சாம் நாள் வரைக்கும் வாய்தா! அஞ்சாம் நாள் பார்த்தா பாதி கேஸே இருக்காது.

ஆனா, இதுக்கெல்லாம் மசியாத கடுமையான வகையும் உண்டு. பி.எம்.டி.டி.ன்னு 2013லேர்ந்து அதை மனநல டாக்டர்களோட கையேட்டுல தனி நோயாவே சேர்த்திருக்காங்க. மாசாமாசம் 'செத்துடலாம்'னு தோணுற அளவுக்குப் போனா, கூழும் நடையும் போதாது தோழி. நல்ல மருந்து இருக்கு, டாக்டரைப் பாருங்க. ராத்திரி நேரம்னா 14416க்கு போன் போடுங்க... டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

காலண்டரால ஒரே ஒரு தலைவலி, என் தம்பி! நான் குரலை உசத்தினாலே ஓடிப்போய் புள்ளியைப் பார்க்கிறான். போன வாரம் என் சார்ஜரை உடைச்சதுக்குத் திட்டினப்பவும் பார்த்தான். பீரியட்ஸ் முடிஞ்சு நாலு நாள் ஆகியிருந்துச்சு. 'நல்லாப் பாருடா, இது ஒரிஜினல் கோவம்'னேன். புது சார்ஜர் வந்துடுச்சு!