மண் கேட்காத செடி

சென்னையில் ஆர்க்கிட் வளருமா என்று கேட்பவர்களிடம், எந்த ஆர்க்கிட் என்று திருப்பிக் கேட்பேன். பூக்கடைக் குளிர்சாதன அறையில் ஒயிலாக நிற்கும் ஃபலனாப்சிஸ் நம் மே மாதத்தைத் தாங்குவது கஷ்டம். டென்ட்ரோபியம் அப்படியில்லை. கிழக்குப் பார்த்த பால்கனி, பாதி வெயிலை வடிகட்டும் பச்சை நிழல்வலை, கொஞ்சம் காற்றோட்டம் இருந்தால் போதும். ஒரு கொத்துப் பூ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும்.

ஊரிலிருந்து வந்த அத்தை என் தொட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, மண்ணே போடாம கரித்துண்டப் போட்டு வெச்சிருக்கே, அது எதைத் தின்னு வளரும்?" என்றாள். நியாயமான கேள்விதான். நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளில் வாழ்பவை. அவற்றின் வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் புதைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும். அதனால்தான் கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை. வேரின் மேல் வெள்ளையாக ஓர் உறை இருக்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளிபோல் வெளுத்திருக்கும்; தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு பச்சையாகிவிடும். எப்போது தண்ணீர் விடுவது என்று புத்தகத்தைப் பார்க்க வேண்டாம், வேரைப் பார்த்தால் போதும். இலை உதிர்ந்த பழைய தண்டையும் அவசரப்பட்டு வெட்டக்கூடாது. அது செடியின் சேமிப்பு. சில சமயம் அதன் கணுவிலிருந்தே குட்டிச் செடி முளைக்கும்.

மரத்தில் ஒட்டி வாழ்வதாலேயே இதைப் புல்லுருவி என்று நினைத்துச் சுரண்டி எறிபவர்கள் இருக்கிறார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றைக் குடிக்கும். ஆர்க்கிட் மரத்திடம் இடம் மட்டுமே கேட்கிறது. மழைநீரும், பட்டையில் படியும் தூசியும் மக்கும் அதன் சாப்பாடு.

உலகில் சுமார் 28,000 ஆர்க்கிட் இனங்கள் உண்டு. ஒரு காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கலாம்; ஆனாலும் காட்டில் ஒன்றிரண்டு முளைப்பதே அபூர்வம். விதை என்பது வெறும் தூசி. உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளை விடும். இதனால் நெடுங்காலம் ஆர்க்கிட் வேண்டுமென்றால் காட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதுதான் வழி என்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமான்களின் ஆசைக்கு எத்தனையோ நாட்டுக் காடுகள் மொட்டையாயின. 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சர்க்கரை கலந்த அகார் கூழில் பூஞ்சையின் துணையில்லாமலே விதையை முளைக்க வைத்தார். இன்று நர்சரியில் நாம் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் செடி, அவர் திறந்த வழியிலும் பின்னால் வந்த திசு வளர்ப்பிலும் பிறந்தது. அதை வாங்குவதால் எந்தக் காடும் குறையாது.

குறைவது வேறு இடத்தில். மலைப்பாதை ஓரத்தில் சாக்குப் பையில் செடிகளை வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். வேர்கள் பாதியில் அறுந்திருக்கும், மரப்பட்டைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், இலையில் பாசியும் பூச்சிக்கடியும் இருக்கும். விற்பவருக்கு அதன் பெயர் தெரியாது. "நாம வாங்கிக் காப்பாத்தலாமே" என்று காரில் இருப்பவர் சொல்வார். அவர் கொடுக்கும் பணம்தான் அந்த ஆளை மறுபடி மரத்தில் ஏற வைக்கிறது. இதில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள்?

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது பாஃபியோபெடிலம் ட்ரூரியை. மஞ்சள் பூ, இதழில் பழுப்புக் கோடு. கர்னல் ட்ரூரி 1865இல் கண்டெடுத்த இந்தச் செடி, பின்னர் அழிந்தே போனதாக நம்பப்பட்டது. 1972இல் மீண்டும் கண்ணில் பட்டது. பட்டதும் சேகரிப்பாளர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. இந்தப் பேரினம் முழுவதையும் காட்டிலிருந்து எடுக்க நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடிகளின் பன்னாட்டு வணிகத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தம் தடுக்கிறது.

ஆனால் ஆர்க்கிட் என்றாலே மலை என்று நினைப்பதும் சரியில்லை. வாண்டா டெசெலேட்டா சமவெளியில், ஊர் ஓரத்து மாமரத்தில்கூட வாழும். பழுப்புப் பின்னல் ஓடிய இதழ்கள், நீல ஊதா உதடு, நல்ல வாசனை. அதற்குச் சொரசொரப்பான பட்டையுள்ள வயதான மரம் வேண்டும். சாலை அகலமாகும்போது முதலில் சாய்வது அந்த மரங்கள்தான். வெட்டுபவர்கள் மரத்தைக் கணக்கு எழுதுகிறார்கள். அதில் தொற்றியிருந்தவை கணக்கில் வருவதில்லை. பதிலுக்கு நடும் கன்றில் ஆர்க்கிட் குடியேற ஒரு தலைமுறை ஆகும்.

இழந்ததைத் திரும்பக் கொண்டுவர முயல்பவர்களும் உண்டு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா தன் நாட்டு ஆர்க்கிட்டுகளை ஆய்வகத்தில் பெருக்கி, சாலையோர மரங்களில் கொண்டுபோய்க் கட்டிவருகிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. போகிறவர்கள் படகுத்துறையோடு திரும்பிவிடாமல் அதையும் பாருங்கள்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. செடி வாங்கும்போது அது ஆய்வகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள். உங்கள் தோப்பிலோ தெருவிலோ மரம் விழுந்தால், கிளைகளை விறகுக்கு அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள். ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டைப் பட்டையோடு பெயர்த்து, பக்கத்து மரத்தில் நிழலான இடத்தில் கயிற்றால் கட்டிவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு அது உங்களிடம் எதுவும் கேட்காது.