சக்கரம் தொங்கும்போது

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில், பழைய காரின் உயரத்தை அதிகச் செலவின்றிக் குறைப்பது எப்படி என்று ஒரு நீண்ட பதிவு எழுதியிருந்தேன். கணக்கும் வரைபடமும் சேர்த்திருந்தேன். பலர் பகிர்ந்தீர்கள். அந்தப் பதிவு பிழையானது. அதை நான் நீக்கவில்லை. அதன் தலைப்பகுதியில் இந்தத் திருத்தத்தின் இணைப்பைச் சேர்த்திருக்கிறேன். பிழை எங்கே நேர்ந்தது என்று சொல்லாமல் நீக்குவது ஆய்வாளனுக்கு அழகல்ல.

புணேயில் கட்டமைப்பு இயக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கியது ஒரு ஃபியட் பாலியோ ஜிடிஎக்ஸ். அது 2001இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, 1.6 லிட்டர் எஞ்சினும் 100 குதிரைத்திறனும் கொண்ட சிறிய கார் இங்கே அபூர்வம். ஸ்போர்ட்ஸ் கார் என்று அதை அழைத்தால் இலக்கணம் பார்ப்பவர்கள் நகைக்கலாம், ஓட்டியவர்கள் நகைக்கமாட்டார்கள். டயருக்கும் அதன் மேல்வளைவுக்கும் நடுவே தெரிந்த இடைவெளி மட்டும் என் கண்ணை உறுத்தியது. வண்டி இன்னும் தரையோடு ஒட்டி நின்றால் வளைவுகளில் உறுதியாக இருக்கும் என்றும் நம்பினேன்.

பொருத்தமான ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் வாங்கப் பணம் இல்லை. எனவே, இருந்த முன்பக்க ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்று வெட்டச் செய்தேன். கணக்கை நானே போட்டேன். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் செயல்படும் சுற்றுகளுக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஐந்தரைச் சுற்று நான்காகும்போது விறைப்பு ஏறத்தாழ 37 சதவீதம் கூடும். வண்டியின் எடையை வைத்துப் பார்த்தால் முன்பகுதி 4 சென்டிமீட்டர் தாழும். அளந்து பார்த்தேன், அப்படியே தாழ்ந்திருந்தது. அந்தப் பெருமையில்தான் பதிவு எழுதினேன்.

சில வாரங்களில் ஒரு சத்தம் தொடங்கியது. வேகத்தடையை ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டங்' என்று ஒரே ஒரு தட்டல். சமதளத்தில் கேட்காது. பழைய வண்டி, ரப்பர் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் ஆய்வகத்தில் எனக்குப் பின் சேர்ந்த தம்பி அழைத்தான். என் பதிவைப் படித்து, அதே மாதிரிக் காரில் அதே ஒன்றரைச் சுற்றை அவனும் வெட்டியிருந்தான். எனக்கு அது தெரியாது. லோனாவளா அருகே ஒரு வேகத்தடையில் இறங்கியபோது, இடப்பக்க ஸ்பிரிங் இருக்கையைவிட்டு விலகி, அதன் வெட்டுமுனை டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது. வேகம் குறைவாக இருந்ததால் உயிர் பிழைத்தான். மலைப்பாதையின் வளைவில் நேர்ந்திருந்தால் இந்தப் பதிவை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. "அண்ணா, கணக்கு சரியாத்தானே இருந்தது?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் என் வண்டியை, எங்கள் பகுதியில் நெடுங்காலமாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக் காகாவிடம் கொண்டுபோனேன். அவர் சத்தத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பிறகு ஸ்பிரிங்கைக் கையால் பற்றித் திருப்பினார். ஜாடியின் மூடியைப் போல அது சுழன்றது. "தரையில நிக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார். தூக்கினாத்தான் தெரியும்" என்றார்.

அன்று அளந்தவை இவை. வெட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கின் இயல்பு நீளம் 320 மில்லிமீட்டர். ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்டிருக்கையில் மேல் இருக்கைக்கும் கீழ் இருக்கைக்கும் இடையே 280. ஆகவே சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் 40 மில்லிமீட்டர் அமுங்கியே இருந்தது. வெட்டிய பின் அதன் நீளம் 240. ஷாக் அப்சார்பரோ மாறவில்லை. தொங்கும் நிலையில் 40 மில்லிமீட்டர் வெற்றிடம்! சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் இருக்கையை விட்டுப் பிரிந்தது. மீண்டும் எடை ஏறும்போது எந்தக் கோணத்தில் இருந்ததோ அப்படியே வந்து மோதியது. நான் கேட்ட 'டங்' அதுதான்.

ஸ்பிரிங்கின் விசைக்கும் அமுக்கத்துக்கும் உள்ள உறவை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அதை நான் ஆயிரம் முறை எழுதியிருப்பேன். இரு முனைகளும் எதையேனும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த விதி வண்டியில் வேலை செய்யும் என்பதை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. எடை ஏறிய நிலையை மட்டும் கணக்கிட்டேன். எடை நீங்கிய நிலை என் தாளில் இடம்பெறவே இல்லை. தம்பியின் கேள்விக்கு விடை இதுதான்: கணக்கு சரி, பாதிக் கணக்கு.

உறுதி கூடும் என்ற நம்பிக்கையும் பாதியே உண்மை. மெக்பெர்சன் அமைப்பில் வண்டியைத் தாழ்த்தும்போது, உருளும் மையம் வண்டியின் உடலைவிட அதிகமாகத் தாழ்கிறது. வளைவில் சாய்க்கும் நெம்பு நீள்கிறது. பம்ப் ஸ்டாப் வரையுள்ள இடமும் சுருங்கிவிடுகிறது. இந்திய சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதலில் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் இருப்பவை அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இவற்றுக்கு மேல் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு உற்பத்தியாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது.

தாழ்த்திய ஸ்பிரிங் எல்லாமே தளர்வதில்லை. முறையாக வடிவமைத்தவை தொங்கும் நிலையிலும் அழுத்தத்தைத் தக்கவைக்கும். அல்லது வீச்சு குறைந்த ஷாக் அப்சார்பரோடு வரும். சிலவற்றில் இடைவெளியை நிரப்ப மெல்லிய துணை ஸ்பிரிங் இருக்கும். வெட்டுவதில் இவை எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் பழைய அளவு ஸ்பிரிங்குகளுக்கே திரும்பிவிட்டோம். தம்பியின் டயருக்கான பணத்தை நான் கொடுத்தேன். அவன் வாங்க மறுத்தான், பிறகு வாங்கிக்கொண்டான்.

என் பழைய பதிவைப் படித்து யாரேனும் ஸ்பிரிங் வெட்டியிருந்தால், ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டு முன்சக்கரங்களும் ஒருசேரத் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் ஆன்ட்டி ரோல் பார் அந்தச் சக்கரத்தை முழுதாக இறங்கவிடாது. பின் ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பினால், அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எனக்கும் எழுதுங்கள்.